வெந்நீர் காணாத கத்தி

அவர் துப்பினால் சத்தம் வராது. உதட்டைக் குவித்து, சாணைக்கல்லின் நடுவில் சரியாக ஒரு சொட்டு விழவைப்பார். பிறகு சுட்டுவிரலால் அதைக் கல் முழுக்கத் தடவுவார், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுகிற மாதிரி. அதை முதல்முதலாகப் பார்த்த பிறகு ரொம்ப நாளைக்கு, வீட்டில் தோசைக்கல்லில் எண்ணெய் தடவும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தடவினேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்த பிளாக்கில் அவருக்குக் கீழ் வீடு, எங்களுக்கு மாடி. அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் கல்யாணமாகி அங்கே போனபோது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பெயர் வேண்டாம். பிள்ளைகள் நல்ல நிலையில் இருக்கிறார்கள், படித்தால் சங்கடப்படுவார்கள். பிளாக்கில் எல்லோரும் அவரை அண்ணாத்தே என்றுதான் கூப்பிட்டார்கள்.

வேலை முடிந்து வந்ததும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் அரம், குறடு, சாணைக்கல். யாருடைய குடையாவது, பூட்டாவது, இஸ்திரிப் பெட்டியாவது மடியில் இருக்கும். நாங்கள் மேலே போவதாயிருந்தாலும் கீழே வருவதாயிருந்தாலும் அவரைத் தாண்டித்தான் ஆகவேண்டும். தாண்டும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியாது, படி தடுக்கும்.

ரிப்பேருக்கென்று அவர் கடையில் எதுவும் வாங்கமாட்டார். வேண்டியதைத் தன் உடம்பிலிருந்தே எடுத்துக்கொள்வார். பூட்டு திறக்கவில்லையென்றால் சாவியைத் தலைமுடிக்குள் விட்டுத் துழாவுவார். சாவியில் எண்ணெய் ஏறிக்கொள்ளும். பையின் ஜிப் சிக்கினால் சுண்டுவிரல் காதுக்குள் போகும். போன விரல் எதை எடுத்துக்கொண்டு வருமோ அதை ஜிப்பின் பல் மேல் இழுத்துவிடுவார். ஜிப் வழுக்கிக்கொண்டு ஓடும். ஓடியதும் பைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்பு.

“கடைக்கு இன்னாத்துக்கு போவணும்? உச்சிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் இங்கயே கடை கீது,” என்று தொடையில் தட்டிக்கொள்வார்.

என்ன கொடுமையென்றால், அவர் சரிபண்ணியது எதுவும் திரும்பக் கெட்டுப்போகாது. அதனால் யாரும் அவரிடம் கொடுப்பதை நிறுத்தவில்லை.

கீழே எதிர்வீட்டில் மகனோடு இருந்த ஒரு ரிட்டயர்டு பெரியவரின் பல் செட்டு ஒருமுறை கடித்தால் ஒரு பக்கம் தூக்கியது. அண்ணாத்தே அதை வாங்கி அரத்தால் ராவினார். ராவிவிட்டு, தூக்குகிறதா என்று பார்க்க, தன் வாயில் மாட்டிக்கொண்டார். அவருக்குச் சொந்தப் பல் இருந்தது. அந்தப் பல்லின் மேலேயே இதை வைத்து, வறுத்த வேர்க்கடலை ஒன்றைப் போட்டுக் கடித்தார். கழற்றி லுங்கியில் துடைத்து நீட்டினார். பெரியவர் அப்படியே வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“எப்பிடி கீது?”

“ஜோராக் கீதுப்பா. லேசா உப்பு கரிக்குது.”

“அது கல்லக்கா உப்பு. கழுவாத, ருசியா இருக்கும்.”

நான் கையில் காய்கறிப் பையோடு படியில் நின்றிருந்தேன். அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் மட்டும்தான் சாப்பிட்டார்.

அவருடைய இடது கால் கட்டைவிரலைப் பற்றியும் சொல்லவேண்டும். வேலையில் என்னவோ இரும்பு விழுந்து நசுங்கிய விரல் அது. அதன் பிறகு வந்த நகம் தடித்து, மஞ்சளாகி, ஆட்டுக்கிடாவின் கொம்பு முனை மாதிரி வளைந்துகொண்டு போனது. மற்ற நகங்களைப் படியில் உட்கார்ந்து வெட்டித் தள்ளுவார். அதை மட்டும் வெட்டமாட்டார்.

அவர் மனைவி உள்ளேயிருந்து கத்துவார். “அந்தக் கருமத்த வெட்டித் தொலையேன்யா. போர்வையெல்லாம் கிழியுது.”

“இருக்கட்டும்டி. இந்த மாதிரி சரக்கு எந்தக் கடைல கெடைக்கும்? ஒருநாளு வேலைக்கு ஆவும்.”

அந்த அம்மாள் படு சுத்தம். வாசலைக் கழுவினால் மாடிப்படியிலும் மூன்று படி சேர்த்துக் கழுவுவார். ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் என் காதோடு சொன்னார்: “உன் மூஞ்சிய நானும் பாத்துகினுதான் கீறேன். கண்ணாலம் ஆன புதுசுல நானும் இப்பிடித்தான் கொமட்டிகினு கெடந்தேன். என் அடுப்பாங்கரைக்குள்ள அந்தாள நான் வுடறதில்ல. நீயும் வுடாத. அவ்ளோதான் நம்பளால முடியும்.”

எனக்கு அதுகூட முடியவில்லை. சின்ன வயதிலிருந்தே யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. சாயங்காலம் கத்தி எதையாவது தீட்டி முடித்தால், கூர் பார்க்க அவர் ஒரு கொய்யாப்பழத்தை நறுக்குவார். அதற்கு முன்னால் முன்னங்கை முடியைச் சிரைத்துப் பார்த்திருப்பார். அந்த முடி கத்தியில் ஒட்டியிருக்கும். லுங்கியில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, ஒரு துண்டைக் கத்தி முனையில் குத்தி என் பக்கம் நீட்டுவார். “இந்தா தங்கச்சி, சாப்புடு.” நான் வாங்கிக்கொள்வேன். முந்தானையில் மறைத்து மாடிக்குக் கொண்டுபோய், பின்பக்க ஜன்னல் வழியாகச் சாக்கடை ஓரத்தில் வீசிவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் அங்கே ஒரு கொய்யாச் செடி முளைத்தது. “பாரேன், தானா மொளச்சிகீது,” என்று அவர் அதற்கு முள் கட்டினார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் என் அப்பாவின் மடக்குக் கத்தி போய்ச் சேர்ந்தது.

அப்பாவுக்குப் பூந்தமல்லிப் பக்கம் நூம்பலில் பூந்தோட்டம். எருமைக்கொம்புக் கைப்பிடி போட்ட அந்தக் கத்தி எப்போதும் அவர் இடுப்பில் இருக்கும். அலகு தேய்ந்து தேய்ந்து பாதி அகலம்தான் இருந்தது. பாக்கு வெட்டுவது, ரோஜாக் கிளை கழிப்பது, நார் அறுப்பது எல்லாம் அதில்தான். ஆனால் வீட்டில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் கத்திக்கு வேறு வேலை கிடையாது. மடக்கி, துணியில் சுற்றி, குழந்தையின் தலைமாட்டில் பாய்க்கு அடியில் வைத்துவிடுவார்கள். இரும்பு இருந்தால் குழந்தை பயப்படாது என்பார்கள். எனக்கு முன்னால் பிறந்த குழந்தை ஒன்று தங்கவில்லை. அந்தச் சமயத்தில் கத்தி தோட்டத்தில் எங்கேயோ விழுந்துகிடந்ததாம். காய்ச்சலில்தான் போனது என்று அம்மாவே சொல்வாள். அப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். தலைமாட்டில் கத்தி இல்லாததால்தான் என்பார். அதைச் சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

எனக்கு நாள் தள்ளியிருக்கிறது என்று தெரிந்ததும் கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். “இப்பத்துலேர்ந்தே உங்கிட்டயே கெடக்கட்டும். வளகாப்பு அன்னிக்கு நான் வந்து உன்னையும் அத்தையும் சேத்துக் கூட்டினு போறேன்,” என்றார். கத்தியை ‘அத்தை’ என்று சொல்லவில்லை, ‘அதையும்’ என்பதை அப்பா அப்படித்தான் சொல்வார்.

வளைகாப்புக்குக் கொஞ்ச நாள் முன்னால், ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன் என்று கிளம்பிய என் வீட்டுக்காரர், டப்பா மூடியை அந்தக் கத்தியால் நெம்பினார். அலகு ஒடியவில்லை. ஆனால் அலகைப் பிடித்திருக்கும் ரிவிட் வளைந்து, அதைச் சுற்றிக் கொம்பு பெயர்ந்து, ஓட்டை பெரிதாகிவிட்டது. கத்தியைத் திறந்தால் அலகு இரண்டு பக்கமும் ஆடியது. மடக்கி வைத்தால் தானாகத் திறந்துகொண்டது.

நான் அழுதேன். திறந்துகொள்கிற கத்தியைக் குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. கத்தி இல்லாமல் குழந்தையைப் படுக்கவைக்க அப்பாவின் மனசு கேட்காது. எனக்கு அந்த நம்பிக்கை பெரிதாக இல்லை. அப்பா முகத்தை நினைத்துத்தான் அழுதேன்.

“இதுக்கெல்லாமா அழுவாங்க? உங்கப்பா வர்றதுக்குள்ள ரெடி பண்ணிடலாம். அண்ணாத்தே கைல குடுத்துட்டேன்,” என்றார் வீட்டுக்காரர்.

எனக்கு அழுகை நின்றுபோனது.

மாடிப்படி வளைவில் நின்றால் அவர் செய்வது தெரியும். நான் தினமும் நின்று பார்த்தேன். பிடிக்காததைப் பார்க்காமல் இருக்கவும் முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கத்தியைக் கொட்டாங்குச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். செங்கல் தூளை எச்சிலில் குழைத்துத் துருவைத் தேய்த்தார். வளைந்த ரிவிட்டைத் தட்டி எடுத்துவிட்டு, சைக்கிள் சக்கரத்தின் போக்ஸ் கம்பியை வெட்டிப் புது ரிவிட் போட்டார். அலகு வெள்ளிக்காசு மாதிரி ஆனது. உண்மையைச் சொன்னால், நான் பிறந்ததிலிருந்து அந்தக் கத்தியை அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், அவர் ஒரு வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கால் ஊறியதும் எடுத்து மறு தொடையின் மேல் போட்டார். குதிகாலில் வெள்ளையாக ஊதியிருந்த தோலை, அப்பாவின் கத்தியால் சீவ ஆரம்பித்தார். கால் ஆணியைச் சுற்றி மெல்லியதாகச் சுருள் சுருளாக வந்தது. தேங்காய்ப் பத்தை சீவுகிற மாதிரி. சுருளெல்லாம் படியில் விழுந்தது. இரண்டு மூன்று எறும்புகள் வந்து ஒன்றை இழுத்துக்கொண்டு போயின.

நான் எப்படிக் கீழே இறங்கினேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவர் முன்னால் போய் நின்றேன்.

“இன்னா தங்கச்சி?”

“கத்தி...”

“உங்க நைனாவுதுதானே? சும்மா சொல்லக்கூடாது, இரும்புன்னா இரும்பு. இப்பல்லாம் இப்பிடி வராது. பாரேன், வெண்ணெயா எறங்குது.” குதிகாலை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“அண்ணாத்தே, அது... அது கொழந்த தலமாட்டுல வெக்கிறது.”

அவர் கை அப்படியே நின்றது. கத்தியைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

“எந்தக் கொழந்த? இந்தக் கொழந்தயா?”

தலையை ஆட்டினேன். எனக்கு முன்னால் பிறந்ததைப் பற்றியும் எப்படியோ சொல்லிவிட்டேன். அவரிடம் அதுவரை நான் அவ்வளவு பேசியதில்லை.

“ஒன் வூட்டுக்காரன் பெயிண்ட் டப்பா தொறக்கறதுன்னு சொன்னான். கஸ்மாலம். இத்த மொதல்லயே சொல்றதில்ல?” என்று மாடியைப் பார்த்து முறைத்தார். காலை இறக்கி வைத்தார். கத்தியைப் பாதி மடக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. “இன்னும் ஆடுது. எனக்கின்னா, கால் சீவுறதுக்கு இது போதும்னு வுட்டேன். கொழந்த தலைக்குன்னா ஒரு மயிரிழ ஆடக்கூடாது. நீ போ. உங்க நைனா என்னிக்கு வர்றாரு?”

“வெள்ளிக்கெழம.”

“போ. நான் பாத்துக்கறேன்.”

அன்றிலிருந்து வேறு எந்தச் சாமானையும் அவர் மடியில் நான் பார்க்கவில்லை. ரிவிட்டைத் திரும்பத் தட்டி எடுத்தார். பெயர்ந்த கொம்பு ஓட்டைக்குள் பித்தளை வில்லை வைத்துப் பார்த்தார். அது கொம்பைத் தின்றுவிடும் என்று எடுத்துப் போட்டார். சீப்பை ஒடித்து ஒரு துண்டு வைத்தார். அது நெருநெருத்து உடைந்தது. பூவரசங்கட்டை வைத்தார். மழை பட்டால் ஊதும், வெயில் பட்டால் சுருங்கும் என்று அதையும் எடுத்துவிட்டார். வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். கொய்யா நீட்டவில்லை, பேசவில்லை. அவர் மனைவி காப்பி டம்ளரைப் படியில் வைத்துவிட்டுப் போனால் அது ஆடை படிந்து கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கை நிறையக் கண்ணாடி வளையலோடு இருந்த என்னை அண்ணாத்தே வாசல் பக்கம் கூப்பிட்டு, துணியில் சுற்றிய கத்தியைக் கொடுத்தார்.

“தொறந்து பாரு.”

திறந்தேன். ஒரு சத்தம் வந்தது, நல்ல பூட்டு திறக்கிற மாதிரி சுத்தமான ஒரு சத்தம். அலகு கம்பி மாதிரி நின்றது. மடக்கினேன். தலைகீழாகக் கவிழ்த்து உதறினேன். அசையவில்லை. ரிவிட்டைச் சுற்றிக் கறுப்புக் கொம்பில் சின்னதாக, மஞ்சளாக, தேன் நிறத்தில் ஒரு வட்டம் பதித்திருந்தது. விரலால் தடவினேன். எங்கே கொம்பு முடிகிறது, எங்கே அது தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒண்ணே ஒண்ணு தங்கச்சி. சோப்பு போடு, மஞ்ச தடவு, சாம்பிராணி காட்டு, இன்னா வேணா செய்யி. வெந்நில மட்டும் போட்டுராத. கொம்புக்கும் நகத்துக்கும் வெந்நி ஆவாது. எளகிப்பூடும்.”

“நகமா?”

அவர் பெருமையாகக் கீழே பார்த்தார். நானும் பார்த்தேன். இடது கால் கட்டைவிரலில் அந்தக் கொம்பு இல்லை. சதையோடு சேர்த்து வெட்டியிருந்தார். விரல் முனையில் துணி சுற்றியிருந்தது. துணியில் ரத்தம் காய்ந்திருந்தது.

“கொம்பும் நகமும் ஒரே சாமான்தான். வெந்நில ஊறவெச்சி, அடிச்சி எறக்கிகீறேன். உன் பேரன் தலமாட்டு வரைக்கும் ஆடாது.”

வளையல் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் அப்பா கேட்டுக்குள் வந்தார், தலையில் பழத்தட்டோடு. தட்டை இறக்கி வைத்ததும் கத்தியை என் கையிலிருந்து வாங்கினார். அது உடைந்ததே அவருக்குத் தெரியாது. பார்த்ததும் தெரிந்துகொண்டார். மஞ்சள் வட்டத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். திறந்தார், மடக்கினார், திரும்பத் திறந்தார்.

“யாரு செஞ்சது?”

“இவருதான்ப்பா.”

“நல்லா செஞ்சிகீறயே அண்ணாத்தே. எங்க புடிச்ச இந்தக் கொம்ப? ஆட்டுக்கொம்பா?”

அண்ணாத்தே சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். அப்போது என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைப் பொத்திய கையை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு வருஷமாக என் முகத்தில் இருந்ததை அந்த மனுஷன் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். சிரிப்பு அப்படியே நின்றது. மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து, கால் மறைகிற மாதிரி கீழே விட்டார்.

“ஆமா பெரியவரே. ஆட்டுக்கொம்புதான். ரொம்ப நாளா வெச்சிகினு இருந்தேன்.”

அதற்கு முன்னால் அவர் காலை மறைத்து நான் பார்த்ததேயில்லை.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊருக்குப் போகும் பஸ்ஸில், பூந்தமல்லி தாண்டும்போது, இடுப்பிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கை எடுத்து அந்தக் கத்தியால் சீவி வாயில் போட்டுக்கொண்டார். “கூர பாரும்மா!” என்றார். நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி முதுகைத் தடவிவிட்டு, “பொம்பளப் புள்ளதான்,” என்றாள். பொம்பளப் பிள்ளைதான் பிறந்தது.

கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மஞ்சள் பூசினேன். சாம்பிராணி காட்டினேன். அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டேயிருந்தது, பிள்ளை பெற்ற வீட்டில் அது எப்போதும் கொதிக்கும். எத்தனையோ முறை அதில் போட்டுவிட நினைத்தேன். போட்டால் நகம் இளகும், கத்தி திறந்துகொள்ளும், அப்பா முகம் செத்துப்போகும். போடாவிட்டால் அந்த விரல் என் குழந்தையின் தலைமாட்டில். தினம் அப்பா வந்து பாய்க்கு அடியில் கையை விட்டு, மடங்கித்தான் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். மடங்கித்தான் இருந்தது. குழந்தை நன்றாகத் தூங்கினாள். நான்தான் அவள் தலையை அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளிப் படுக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிய பிறகு எனக்கு அவர் கொய்யா நீட்டவேயில்லை. நான் படியில் வந்தால் காலை ஒடுக்கிக்கொள்வார். குழந்தைக்கு மட்டும் நீட்டுவார். அதை வாங்கி நான் வழக்கம்போல வீசிவிடுவேன்.

ரிட்டயராகிப் பட்டாபிராம் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனார். சில வருஷத்தில் இறந்துபோனார். போயிருந்தோம். கூடத்தில் படுக்கவைத்து, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மாலை போட்டுவிட்டு நகரும்போது கண் தானாக அங்கே போனது. அந்த நகம் திரும்ப வளர்ந்திருந்தது. முன்னைவிடத் தடிப்பாக, மஞ்சளாக, வளைந்து. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் வெட்ட வுடலயே. யாருக்கின்னா வேலைக்கு ஆவும்னு வெச்சிகினு இருந்தாரே,” என்று அழுதார். நானும் அழுதேன். அப்போதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அதே வருஷம் என் தம்பிக்கு முகப்பேரில் குழந்தை பிறந்தது. கத்தியை எடுத்துக்கொண்டு வரும்படி அப்பா சொல்லி அனுப்பினார். தம்பி மனைவி பள்ளிக்கூட டீச்சர், எல்லாவற்றையும் கொதிக்கவைக்கிறவள். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“அண்ணி, மாமா ஆசப்படறாரு, வெச்சிக்கலாம். ஆனா எத்தன பேர் கைபட்டதோ. பாத்திரத்துல வெந்நி கொதிக்குது பாருங்க, அதுல ஒருவாட்டி போட்டு எடுத்துக் குடுத்துடுங்க.”

நான் கத்தியை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கைப்பிடியின் கொம்பு முழுக்க வெடித்து, செதில் விட்டு, வெளுத்துப்போயிருந்தது. அந்த மஞ்சள் வட்டம் மட்டும் அப்படியே பளபளத்தது. திறந்தேன். அதே சத்தம். மடக்கினேன். ஒரு மயிரிழை ஆடவில்லை. கொதிக்கிற தண்ணீருக்கு மேலே கத்தியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஆவி கையில் அடித்தது.

திரும்பி வந்து அவளிடம் கொடுத்தேன். “வெந்நில போடக்கூடாதும்மா.”

“ஏன்?”

அவள் முகத்தைப் பார்த்தேன். யாரிடமும் வேண்டாம் என்று சொல்லாத நான் சொன்னேன்: “ஆட்டுக்கொம்பு. எளகிப்போயிடும்.”

அவள் அரைமனதாகத் துணியில் சுற்றி, குழந்தையின் தலைமாட்டில் வைத்தாள். நான் சமையலறைக்குத் திரும்பிப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கையைக் கழுவினேன்.